நடுக்கட்டை

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊர் வழக்கம். தாயே இல்லாத வீடு தாய்வீட்டுக் கணக்கில் சேருமா என்பதை, அந்த வழக்கத்தை ஏற்படுத்திய புண்ணியவான்கள் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம்கீப்பராக இருந்த தேவசகாயத்தின் மனசுக்கு, சேரும் என்றுதான் பட்டது. அவர் மனைவி ஆரோக்கியம் மஞ்சள் காமாலையில் போய் இரண்டு தவக்காலம் ஆகியிருந்தது. ஒரே மகள் லில்லியை அவலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்கு ஏழாம் மாசம் பிறந்ததும், வாழைப்பழச் சீப்பும் கண்ணாடி வளையலும் வாங்கிக்கொண்டு, பிரசவத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கப் போனார்.

சம்பந்தியம்மாள் சவேரியம்மாள் கெட்டவள் இல்லை. உட்காரச் சொன்னாள், முறுக்கு வைத்தாள், காபியை நுரை வர ஆற்றிக் கொடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அனுப்ப மாட்டேன்னா சொல்றேன் சம்மந்தி? உங்க வூடு மலையடில இருக்குது. மார்கழி, தையில அந்தப் பாறைக்குக் கீழ குளுரு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? பச்ச ஒடம்பு, பச்சப் புள்ள. தாங்குமா, நீங்களே சொல்லுங்க."

லில்லி கதவோரம் நின்றிருந்தாள். நைனாவின் முகத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். மாமியார் வீட்டில் மருமகள் பேசக்கூடிய பேச்சு அவ்வளவுதான்.

பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்றால் என்ன அர்த்தமோ, சவேரியம்மாளின் குளிருக்கும் அதே அர்த்தம்தான். பொம்பளை இல்லாத வீட்டுக்கு மருமகளை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. அதை ஒரு மனுஷனின் முகத்துக்கு நேரே சொல்ல நாக்கும் வரவில்லை. குளிர் வாய் திறந்து மறுக்கவா போகிறது என்று அதன் தலையில் பழியைப் போட்டாள். வேறு யாராக இருந்தாலும் புரிந்துகொண்டு, மிச்ச முறுக்கைத் தின்றுவிட்டு எழுந்து வந்திருப்பார்கள். தேவசகாயம் ஆயுசு முழுக்க பஸ்ஸோடு கிடந்தவர். வண்டி ஏன் கிளம்பவில்லை என்று கேட்டால் டயர் பஞ்சர் என்பார்கள், பஞ்சர் ஒட்டினால் வண்டி கிளம்பிவிடும். சாக்கு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது. குளிர்தானே, பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அவர் வீடு உண்மையிலேயே குளிர்தான். ராஜகிரி பக்கம் போகிற ரோட்டில், பெரிய பாறை ஒன்றின் முதுகில் சாய்ந்தாற்போல இருந்தது. சித்திரையில் அந்தப் பாறை தோசைக்கல், மார்கழியில் ஐஸ் பெட்டி. ஆரோக்கியம் இருந்தபோது அடுப்பு எரிந்தது, பேச்சு இருந்தது, குளிர் இருந்ததே தெரியவில்லை. இப்போது அவர் பஸ் ஸ்டாண்ட் கிளப்பில் இட்லி தின்றுவிட்டு வந்து போர்வைக்குள் புகுந்துகொள்வார். ஊர் ஜனத்தையெல்லாம் விசில் அடித்து வண்டியேற்றி அனுப்புகிற மனிதருக்கு, வீட்டு வாசலில் வந்து இறங்க ஒருவரும் இல்லை. சில நாள் கடைசி வண்டி போனபிறகும் காலி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போட.

முதலில் பக்கத்து வீட்டு பக்ருன்னிசாவிடம்தான் யோசனை கேட்டார். அவள் ஐந்து பெற்று ஐந்தையும் ஆளாக்கியவள். ஆரோக்கியத்தின் சிநேகிதி. லில்லி வந்தால் கூடவே வந்து படுத்துக்கொள்கிறேன் என்று கேட்காமலே சொன்னவள்.

"வெறகு வாணாம்ணே, பொகையில புள்ளக்கி கண்ணு எரியும். கரி அடுப்ப ரூமுக்குள்ள வெச்சிட்டு கதவ சாத்தவே கூடாது. மூச்சு முட்டி ஒரு குடும்பமே எழுந்திருக்காம போயிருக்குது. கெரசின் அடுப்புன்னா, ரேஷன்ல குடுக்கறது வெளக்குக்கே பத்தல."

"அப்ப இன்னாதான் வெக்கிறது?"

"மரத்தூள் அடுப்பு வெய்யிணே. ஒருவாட்டி போட்டா அது பாட்டுக்கு கணகணன்னு நின்னு எரியும். குளிக்க சுடுதண்ணியும் ஆச்சு, ரூமுக்கு அனலும் ஆச்சு. ஜன்னல மட்டும் ஒரு பக்கம் தொறந்து வெச்சிடணும்."

கடைவீதியில் நூர் முகமது தகர அடுப்பு செய்கிறவர். டின்னை வெட்டி, தட்டி, உள்ளே களிமண் பூசி, சின்னது நடுத்தரம் பெரியது என்று கடைவாசலில் வரிசையாக வைத்திருப்பார். தேவசகாயத்தைப் பார்த்ததும் சின்னதைத்தான் எடுத்து முன்னால் வைத்தார்.

"ஒண்டி ஆளுக்கு இது போதும்ணே."

"பெருசு எடு பாய்."

"அது பெரிய குடும்பத்துக்கு. வூட்ல எத்தினி பேரு?"

"நாலு பேரு," என்றார் தேவசகாயம்.

நூர் முகமது அவரைப் பார்த்தார். சின்னதை ஒதுக்கிவிட்டுப் பெரியதை எடுத்து வைத்தார். பெரிய அடுப்புக்கு மூடி ஒன்று அடித்து, ஜன்னல் வழியாகப் புகை போக ஒரு தகரக் குழாயும் வைக்க வேண்டும் என்று தேவசகாயம் கேட்டபோது மட்டும், "ரயில் இன்ஜின் செய்ய சொல்றீங்களாண்ணே" என்று சிரித்துவிட்டு, கேட்டபடியே செய்து கொடுத்தார். திரும்பி வரும் வழியில்தான் தேவசகாயத்துக்கு உறைத்தது. தான் ஒன்று, லில்லி ஒன்று, பிறக்கப்போகிற பிள்ளை ஒன்று. மூன்று பேர்தான். நாலாவதாக எண்ணியது, இரண்டு தவக்காலமாக இல்லாத ஆளை என்று புரிந்ததும் நடையை எட்டிப் போட்டார்.

அடுப்போடு கூட ஒரு பூவரசங்கட்டையும் கொடுத்திருந்தார் நூர் முகமது. மணிக்கட்டுப் பருமன், மேலே கொஞ்சம் பருத்து கீழே கொஞ்சம் சிறுத்தது. அதற்கு நடுக்கட்டை என்று பெயர். அடுப்பின் நடுவில் அதை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கொட்டி, கெட்டியாக இடிக்க வேண்டும். அடியில் இருக்கிற வாயில் இன்னொரு சின்னக் குச்சியைக் குறுக்கே செருகி வைக்க வேண்டும். நிரம்பியதும் இரண்டையும் உருவினால், நடுவில் கிணறு மாதிரி ஒரு துளை நிற்கும், கீழே அதற்கு ஒரு வழி இருக்கும். எண்ணெய்த் துணியைக் கீழே வைத்துக் கொளுத்தினால், நெருப்பு அந்தக் கிணற்றின் சுவரைத் தின்றுகொண்டே மெதுவாகச் சுற்றிலும் விரியும். கேட்பதற்கு என்னவோ சுலபம்தான்.

முதல்நாள் கட்டையை உருவியதும் மொத்தமும் பொலபொலவென்று சரிந்தது. அடுத்த நாள் தூள் ஈரம், வீடு முழுக்கப் புகை. பக்ருன்னிசா வாளித் தண்ணீரோடு ஓடிவந்தாள். மர அறுவை மில்லில் கரீம் கொடுத்த வேப்பந்தூள் கண்ணைப் பிடுங்கியது. செஞ்சியில் சும்மா கிடக்கிறதே என்று வேர்க்கடலைத் தோலைப் போட்டுப் பார்த்தார். அது இடிக்க இடிக்க எழும்பிக்கொண்டு நின்றது, கொளுத்தியதும் பட்டாசுக் கட்டு மாதிரி எரிந்து தீர்ந்தது. கடைசியில் காய்ந்த மாமரத்தூள்தான் சரி என்று ஆனது. அதையும் வெயிலில் பரப்பி, கிளறி, கோணியில் கட்டி வைத்தார். கட்டையை வெடுக்கென்று இழுக்கக்கூடாது, தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுக்கிற மாதிரி, திருகித் திருகி மேலே கொண்டுவர வேண்டும். அதுவும் கைக்கு வந்தது. தினம் சாம்பலை அள்ளி, உள்ளே களிமண் விரிசல் விட்ட இடத்தை மெழுகி, குழாயில் படிந்த கரியைத் தட்டி, மூடியில் துரு ஏறாமல் துடைத்து வைத்தார். ஆரோக்கியத்தின் உடம்பைக்கூட அவர் இப்படிக் கவனித்ததில்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் இன்னும் அழுத்தித் துடைப்பார்.

டூட்டி முடிந்து வந்ததும் தினம் அடுப்பைப் போட்டுவிடுவார். பிரசவ நேரத்தில் தவறக்கூடாது, பழகி வைக்க வேண்டும் என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார். தகரம் சிவக்க, அறை கதகதவென்று ஆகும். லில்லிக்கு என்று சுவரோரம் கட்டில் போட்டு, பழைய வேட்டியைக் கிழித்துத் துணித்துண்டுகள் மடித்து வைத்திருந்தார். உத்தரத்தில் தூளிக்குக் கயிறுகூடக் கட்டியாகிவிட்டது. அடுப்போ பெரிய குடும்பத்துக்கு ஆனது. எரிய ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது. பக்ருன்னிசா இரண்டு குடம் வெந்நீர் கொண்டுபோவாள். மிச்ச அனலில் அவர் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். வீடு குளிர்ந்து கிடந்தபோதுகூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை என்று தோன்றும். கட்டிலைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நாள்தான்" என்பார், யாரிடமோ சொல்வதுபோல.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் சவேரியம்மாளுக்குச் சொல்லி அனுப்பினார். அவலூர்பேட்டை வண்டி கண்டக்டர் இளையபெருமாள்தான் இரண்டு வீட்டுக்கும் தபால், தந்தி எல்லாம். "வந்து ஒருதரம் பாத்துட்டுப் போகச் சொல்லு. குளுரு இல்ல, கதகதன்னு இருக்குதுன்னு சொல்லு," என்றார்.

அவள் மகனோடு வந்தாள். அன்றைக்கென்று மலையிலிருந்து ஊதல் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றாள். கையை நீட்டி அனலில் காட்டினாள். குழாயைத் தொடப் போய் விரலை இழுத்துக்கொண்டாள். புகை இல்லை. அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பக்ருன்னிசா பக்கத்தில் நின்று, "ராத்திரியில நான் இருக்கறேம்மா, ஒண்ணும் ரோசன வாணாம்," என்றாள். தேவசகாயம் கட்டிலின் விரிப்பை நீவிவிட்டார். பஞ்சர் ஒட்டியாகிவிட்டது, வண்டி கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

"பரவால்லியே சம்மந்தி," என்றாள் சவேரியம்மாள். "இதுல தீயக் கொறைக்கிறது எப்பிடி?"

அவர் கீழ்வாயில் தகரத் துண்டைத் தள்ளிக் காட்டினார். நெருப்பு அடங்கியது. இழுத்தார், எழும்பியது. அவள் குழந்தை மாதிரிக் குனிந்து பார்த்தாள். உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். அந்த ஆச்சரியத்திலேயே அந்த வார்த்தையும் வந்தது.

"இவ்ளோ நல்லா இருக்குது. இத எங்க வூட்டுக்கே அனுப்பிடுங்களேன் சம்மந்தி. எங்க பின்கட்டுலயும் குளுருதான். லில்லிய இந்த நெலமையில பஸ்ல ஏத்தி எறக்கி எதுக்கு அலக்கழிக்கணும்? அடுப்பு வந்துட்டா அவ எதுக்கு வரணும்?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். தேவசகாயத்துக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இரண்டு மாசமாக அவர் ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தது வண்டியை அல்ல, வண்டி கிளம்பாது என்பதற்குச் சொன்ன சாக்கை. அதை நன்றாக ரிப்பேர் பண்ணி, கையில் கொடுத்தும் விட்டார். பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி கேட்டதை இல்லை என்று சொல்ல முடியுமா? அதுவும் பெண்ணுக்காகவே கேட்கும்போது?

"அதுக்கென்ன, அனுப்பிட்டாப் போச்சு," என்றார்.

அவர்கள் போனபிறகு அடுப்பு நெடுநேரம் எரிந்துகொண்டிருந்தது. நிறுத்த முடியாதே. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதார். ஆரோக்கியம் போனபோது வந்த அழுகையைவிட இது கேவலமாக இருந்தது அவருக்கு, ஒரு தகர டப்பாவுக்காக அழுகிற மாதிரி.

மறுநாளே அடுப்பைச் சாம்பல் ஒட்டாமல் துடைத்து, பஸ் மேல் கட்டினார். மாமரத்தூள் மூட்டைகளையும் ஏற்றினார். இளையபெருமாள் கீழே நின்று, "இன்னா டைம்கீப்பரே, பொண்ணக் கூட்டிக்கினு வருவேன்னு பாத்தா, சீர் கொண்டுபோறியா?" என்றான். அவன் விளையாட்டுக்குச் சொன்னதுதான். தேவசகாயம் விசிலை எடுத்து ஊதி வண்டியைக் கிளப்பினார், தானும் ஏறிக்கொண்டார்.

அவலூர்பேட்டையில் பின்கட்டில் அடுப்பை வைத்து, குழாயை வெளியே திருப்பி, தூள் இடித்துக் காட்டினார். சவேரியம்மாள் கவனமாகப் பார்த்துக்கொண்டாள். லில்லி வாசற்படியில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நைனாவின் கை தூளில் வேகமாக ஓடுவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கியது.

"நீ எப்போ நைனா இதெல்லாம் கத்துக்கின?"

"சும்மா இருக்கற நேரந்தானே," என்றார்.

அடுப்பு பற்றி நின்றது. சவேரியம்மாள் காபி போட உள்ளே போனாள். அப்போதுதான் தேவசகாயம் அந்தக் காரியத்தைச் செய்தார். கீழே கிடந்த நடுக்கட்டையை எடுத்து, தூளைத் தட்டி, தன் துணிப்பையில் போட்டுக்கொண்டார். திருட்டுதான், வேறென்ன. கட்டை இல்லாமல் அடுப்புப் போட முடியாது, அப்போது தன்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று அவர் கணக்கு. நிமிர்ந்தபோது லில்லி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு காத்திருந்தார். பெண் கொடுத்த வீட்டுக்குக் காரணம் இல்லாமல் போய் நிற்கிறவனை நாய்கூட மதிக்காது என்று வளர்ந்தவர் அவர். அவலூர்பேட்டை வண்டி வரும்போதெல்லாம் இளையபெருமாளின் முகத்தைப் பார்ப்பார். அவன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு இறங்குவான், சேதி ஒன்றும் இருக்காது. வீட்டில் அடுப்பு இருந்த இடம் வட்டமாகக் கறுத்துக் கிடந்தது. பக்ருன்னிசா பழக்க தோஷத்தில் ஒருநாள் குடத்தோடு வந்துவிட்டு, வாசலிலேயே நின்று, "மறந்துட்டேண்ணே," என்று திரும்பிப் போனாள். பாறையின் குளிர் பழையபடி சுவரில் இறங்கியது. நடுக்கட்டையை அவர் தலைமாட்டில் வைத்திருந்தார்.

தை பிறந்து பொங்கல் கழிந்தபிறகு, இளையபெருமாள் வண்டி நிற்பதற்கு முன்னமே படியில் தொங்கிக்கொண்டு கத்தினான். "டைம்கீப்பரே, பேத்தி பொறந்துகீது. வூட்டுக்கே நர்ஸம்மா வந்து, சொகப் பிரசவம்."

தேவசகாயம் வண்டியோடு கூடவே ஓடினார்.

"இன்னொண்ணு," என்று அவன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "லில்லி சொல்லச் சொல்லுச்சு. நடுக்கட்ட இல்லாம அடுப்பு போட முடியலியாம். புள்ளக்கி குளுருதாம். கட்டய எடுத்துக்கினு நைனாவ ஒடனே வரச் சொல்லுச்சு."

கட்டையும் சர்க்கரைப் பொட்டலமுமாக அதே வண்டியில் போனார். வழியெல்லாம் ஒரே நினைப்பு. பார்த்தாயா, கணக்குத் தப்பவில்லை. நான் இல்லாமல் முடியவில்லை அவர்களுக்கு.

சவேரியம்மாள் வாசலிலேயே சர்க்கரை கொடுத்தாள். பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினாள். மூக்கு ஆரோக்கியத்தின் மூக்கு. அவர் தொடவில்லை, கை தூள் கை என்று சொல்லி நேரே பின்கட்டுக்குப் போனார்.

அடுப்பின் மேல் கையை வைத்தார். தகரம் இன்னும் வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே புதுச் சாம்பல், பக்கத்தில் தூள் மூட்டை பாதி காலி. சுவர் மூலையில் உலக்கை சாத்தியிருந்தது. எந்த வீட்டில்தான் உலக்கை இல்லை. அதன் அடிப்பூணின் இடுக்கில் மாமரத்தூள் அப்பிக்கொண்டிருந்தது. அவர் கட்டையோடு செஞ்சி போய்ச் சேர்ந்த அன்றிலிருந்தே அந்த உலக்கைதான் நடுவில் நின்றிருக்கிறது. சனியன், நன்றாகவும் நின்றிருக்கிறது.

முகம் சுட்டது. பையில் இருந்த கட்டை திடீரென்று கனத்தது. திரும்பிப் பார்த்தார். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் லில்லி சாய்ந்து படுத்திருந்தாள், காதைச் சுற்றித் துணி கட்டி, முகம் வெளுத்து. அவள் கண் முதலில் உலக்கைக்குப் போனது, பிறகு அவர் முகத்துக்கு வந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"நீ போட்டாதான் நிக்குது நைனா," என்றாள். "நாங்க போட்டா சரிஞ்சிடுது."

சவேரியம்மாள் மருமகளைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள். உலக்கையின் முன்னால் நகர்ந்து நின்றுகொண்டாள். "ஆமா சம்மந்தி," என்றாள். "எங்களுக்கு அந்தக் கை வரல."

பழைய தேவசகாயமாக இருந்தால், சரியக் காரணம் என்ன, தூள் ஈரமா, இடி போதவில்லையா என்று கேட்டு, அங்கேயே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து முடித்திருப்பார். இந்தச் சாக்கை அவர் ரிப்பேர் பண்ணப் போகவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, கட்டையை நடுவில் நிறுத்தினார். தூளைக் கொட்டிக் கொட்டி இடித்தார். உள்ளே பிள்ளை சிணுங்கியது. அவர் இடிக்கிற சத்தத்துக்கு அடங்கியது, நிறுத்தினால் மறுபடி சிணுங்கியது. தேவைக்கு மேலேயே இடித்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது, புகைகூட இல்லாத நேரத்தில்.

அடுப்பு பற்றி, அனல் உள்ளறைக்குப் போன பிறகுதான் எழுந்தார். நடுக்கட்டையைத் துடைத்து, எல்லாரும் பார்க்கப் பையில் போட்டுக்கொண்டார்.

"கட்ட இங்க கெடந்தா பூச்சி அரிச்சிடும்," என்றார் பொதுவாக. "நானே வெச்சிருக்கிறேன். நாளைக்கு எடுத்துக்கினு வரேன்."

"எடுத்துக்கினு போ நைனா," என்றாள் லில்லி. "மறந்துடாத."

சாயங்கால வண்டியில் இளையபெருமாள் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா டைம்கீப்பரே, குடுக்கப் போன கட்டய மறந்து திரும்ப எடுத்துக்கினு வந்துட்ட?" என்றான்.

"மறக்கல," என்றார் தேவசகாயம்.

வண்டி ஊரைத் தாண்டியதும் கடலைக் கொல்லைகளின் மேலிருந்து குளிர்காற்று உள்ளே அடித்தது. வீட்டில் அதைவிடக் குளிராக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டார்.